வரிசைத் தட்டில் வைத்த கத்தரிக்காய்

பாப்பா,

நீ போன் செய்து பதினோரு நாள் ஆகிறது. "அப்பா, மறுபடி முழுகாம இருக்கேன், அஞ்சு மாசம் ஆவுதுப்பா. பயந்துக்கினு யாருக்கும் சொல்லல. இந்தத் தடவ உன் தோட்டத்துக் காயத் தவிர வெளிய ஒரு காய் வாங்க மாட்டேன். வாரா வாரம் பஸ்ல குடுத்து வுட்டுடு" என்றாய். "பஸ்ஸையே தோட்டத்துக்குள்ள வுடச் சொல்றேன், நீ வெறும் பையப் புடிச்சிக்கினு சேலத்துல நில்லு" என்றேன் நான். நீ சிரித்தாய். இரண்டு வருஷம் கழித்து உன் சிரிப்பைக் கேட்டேன். போனை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். இரண்டு தடவையும் வெறும் பையோடு திரும்பி வந்தேன். முதல் வாரம் உன் அம்மாவிடம் காய் இன்னும் முற்றவில்லை என்றேன். அடுத்த வாரம் கண்டக்டர் பையை ஏற்ற மாட்டேன் என்கிறார் என்றேன். சின்னசேலத்தில் ஆட்டுக்குட்டியையே சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போகிற கண்டக்டர்கள், என் பையை மட்டும் ஏற்ற மாட்டார்களாம். உன் அம்மா நம்பவில்லை.

நீளமாக எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாத்தியாரைக் கேலி பண்ணிய நேரத்தில் பாடத்தைப் படித்திருந்தால் இன்றைக்கு எழுத்து நேராக நின்றிருக்கும். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் நடுவில் எதையாவது சொல்லி உன்னைச் சிரிக்கவைத்துவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் தப்பித்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன தடவை நீ மாசமாக இருந்தபோது, மருந்தே அடிக்காத தோட்டம் என்று நம்பி நீ சாப்பிட்டாயே, அந்தத் தோட்டத்துக்கு நான் மருந்து அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இது தெரியாமல் இன்னொரு காயை நீ என் கையிலிருந்து வாங்கக் கூடாது.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உனக்கு நாள் தள்ளிப்போனது. அன்று நீ போன் பண்ணி, "அப்பா, ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றாய். "யானைக்குட்டி தவிர எது வேணும்னாலும் கேளு" என்றேன். "வூட்டுப் பின்னாடி காலி எடம் கெடக்குதுல்ல, அதுல தோட்டம் போடுப்பா. யூரியா, மருந்து எதுவும் வாணாம். நான் வர்றதுக்குள்ள காய் வரணும்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வருஷமாக மரவள்ளிக்கும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறவனிடம் வந்து இதைக் கேட்கிறாயே என்று இருந்தது. "மருந்து அடிக்காத காயி மொகம் கழுவாத மாப்ள மாதிரி இருக்கும் பாப்பா, பரவால்லியா?" என்றேன். "எனக்கு அந்த மாப்ளதான் வேணும்" என்றாய். மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டேன்.

அந்த ஐந்து சென்ட் இடம் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் நான் உர மூட்டைகளை அடுக்கி வைத்த இடம் அது. கீரை தூவினேன், முளைக்கவில்லை. வெண்டை ஊன்றினேன், இரண்டு இலை விட்டுக் கருகிப்போனது. கல்வராயன் மலையிலிருந்து அடிவாரச் சந்தைக்குச் சாமையும் அவரையும் கொண்டுவருகிற சின்னக்கண்ணுவை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குக்கூட ஒரு டின் தேனோடு வந்தான். அவனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்துவிட்டு, "அண்ணே, இது மண்ணா சாம்பலா? இதுல ஒரு புழு இல்லியே. புழு இல்லாத மண்ணுல இன்னா வெளையும்?" என்றான். தக்கைப்பூண்டும் கொள்ளும் கம்பும் கலந்து நெருக்கமாக விதைக்கச் சொன்னான். முழங்கால் உயரம் வந்ததும் அப்படியே மடக்கி மிதித்து மண்ணுக்குள் புதைக்கச் சொன்னான். மட்கின சாணத்தைக் கொட்டி, காய்ந்த கரும்புத் தோகையான சோகையால் மூடி வைக்கச் சொன்னான். மண் தேறுகிறவரைக்கும் நாற்றைத் தனியாகக் கொட்டாங்குச்சியில் வளர்த்தேன். ஒன்றரை மாதம் கழித்துச் சோகையை விலக்கிப் பார்த்தபோது அடியில் மண்புழு நெளிந்தது. அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நம்ப வூட்ல புழு பொறந்திருக்குது" என்று கத்தினேன். பக்கத்தில் யாரோ கேட்டுவிட்டு உனக்குப் பிரசவமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

விதையும் சின்னக்கண்ணு கொடுத்ததுதான். மலையில் அவர்கள் விதையை விற்க மாட்டார்கள். கைநிறையக் கொடுப்பார்கள். காய்த்து முற்றினதும் வாங்கினதைவிட ஒரு பிடி கூடுதலாக நாம் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். மலைக் கத்தரி, கொடி அவரை, சிவப்பு வெண்டை, பீர்க்கு, தக்காளி எல்லாம் கொடுத்தான். அசுவினிப் பூச்சிக்குச் சாம்பல் தூவினேன். இலைப் பூச்சிக்கு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். செடிக்குச் சத்தாக ஊற்ற மீனையும் வெல்லத்தையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி ஊறவைத்தேனே, அதை உன் மாமனார் வந்திருந்த அன்று பார்த்துத்தான் திறக்க வேண்டுமா? அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சம்பந்தி, இங்க எதுனா செத்துக் கெடக்குதா?" என்று வீட்டைச் சுற்றி வந்தார். "உங்க பேரப் புள்ளைக்குச் சத்து மருந்து காச்சறேங்க" என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். பாப்பா, என் வாழ்நாளில் நான் ஒரு வேலையை ஆசைப்பட்டுச் செய்தேன் என்றால் அந்த நாலு மாதம்தான். அதையும் நானே கெடுத்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

உனக்கு ஆறு மாதம் ஆனபோது முதல் காய் பறித்துப் பஸ்ஸில் அனுப்பினேன். உன் மாமியார் கத்தரிக்காயை நறுக்கியிருக்கிறார். உள்ளே புழு. உடனே எனக்குப் போன் பண்ணி, "சம்பந்தி, நீங்க அனுப்பிச்சது காயா, கறியா? சொல்லிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி மசாலா அரைப்பேன்ல" என்றார். அக்கம்பக்கத்தில் நாலு பெண்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல கேலிதான். இதே கேலியை நான் வேறு யாரையாவது பண்ணியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஊரில் யாரை நான் விட்டேன்? உன் கல்யாணத்தன்று எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது கார் டிரைவரிடம், "பாத்து ஓட்டுப்பா, பின்னாடி லோடு ஜாஸ்தி" என்று சொல்லி உன்னையே கிண்டல் பண்ணினவன். ஆனால் என்னை ஒருத்தர் கேலி பண்ணினால் தாங்க எனக்குத் தெரியவில்லை. இதை இத்தனை வயதுக்கு அப்புறம்தான் கண்டுபிடித்தேன். போனில் சிரித்தேன். வைத்துவிட்டு நேராகப் போய் ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுவரைக்கும் மண்ணில் புழுவைப் பார்த்து ஆடினவன், அன்றைக்கு ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்து வெட்கப்பட்டேன்.

வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்கு முன்னாலேயே நான் வாய் விட்டிருந்தேன், வரிசைத் தட்டில் பழம், வளையல், பூ இதோடு ஐந்து தட்டு என் தோட்டத்துக் காய் வரும் என்று. இப்போது அந்தத் தட்டில் ஓட்டைக் கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டு சேலத்தில் உன் மாமியார் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் எப்படி நடப்பது என்பதுதான் எனக்கு ராத்திரியும் பகலும் யோசனை. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தால் புழு மெதுவாகத்தான் குறையும். எனக்கு அவசரம். மக்காச்சோளத்துக்கு வாங்கினதில் கால் பாட்டில் மருந்து கொட்டகைச் சந்தில் மிச்சம் இருந்தது. உன் அம்மா காலையில் பால் ஊற்றப் போன நேரத்தில் டேங்க்கைக் கலக்கி அடித்துவிட்டேன். கத்தரிக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். டேங்க்கில் மிச்சம் இருந்ததை வெண்டைக்கும் அவரைக்கும் அடித்தேன். கை பழகின வேலை, தானாகவே நடந்தது. வீணாகக் கொட்டுவானேன் என்று. புழு கொத்துக் கொத்தாக விழுந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் இன்னொரு தடவை அடித்தேன். ஒரு தடவை அடித்தவனுக்கு இரண்டாவது தடவை அடிப்பது பெரிய காரியமாக இல்லை.

வளைகாப்பில் கத்தரிக்காய் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. உன் மாமியார் ஒன்றைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, ஒரு ஓட்டை இல்ல! புழுவ எல்லாம் கூப்புட்டுப் பேசி அனுப்பிட்டீங்களா?" என்றார். "உங்க பேரச் சொன்னேங்க சம்பந்தியம்மா, ஒண்ணு இல்லாம ஓடிப்போச்சி" என்றேன். கூட்டமே சிரித்தது. கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீ, என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை வேறு யாரும் எனக்குத் தந்ததில்லை. எங்க அப்பா எனக்காகச் செய்தது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாய். மூன்று வேலி நிலத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி நான் நின்றேன்.

மறுநாள் உன்னைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்ததும் நேராகப் பின்னால் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ ஒரு பிஞ்சு வெண்டைக்காயைப் பறித்து, முந்தானையில் துடைக்கக்கூடச் செய்யாமல் வாயில் வைத்துக் கடித்தாய். "கழுவிட்டுச் சாப்புடும்மா" என்றேன். "மருந்தே அடிக்காத காய எதுக்குப்பா கழுவணும்?" என்றாய். கடித்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போனாய். பாப்பா, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. துப்பு என்றால் துப்பியிருப்பாய். கோபப்பட்டிருப்பாய், அழுதிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் செடியாவது மிச்சம் வைம்மா, ஆடு மேயற மாதிரி மேயற" என்றேன். நீ சிரித்தாய். தினமும் நாலைந்து வெண்டைக்காய் அப்படித்தான் சாப்பிட்டாய். நான் தினமும் பார்த்தேன்.

நாலு நாள் கழித்து சின்னக்கண்ணு விதை வாங்க வந்தான். அவனுக்காக இரண்டு கத்தரிச் செடியில் காயைப் பழுக்க விட்டிருந்தேன். செடிக்கிட்டே போய் இலையைத் தடவி விரலை மோந்தான். அவன் மருந்தைத் தொடாத ஆள், அவன் மூக்குக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நீ கிணற்றடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். அவன் உன்னைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "பாப்பாவுக்குத் தெரியுமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். "சொல்றன்டா" என்றேன். "இன்னிக்கே சொல்லுங்க. இந்த வெதை எனக்கு வாணாம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று வெறும் கையோடு போனான். விதை கொடுத்த வீட்டுக்காரன் திருப்பி வாங்காமல் போவது என்றால் அவர்கள் பழக்கத்தில் அது முகத்தில் துப்புவதைவிட மோசம். எனக்கு அப்போதுகூட ரோஷம்தான் வந்ததே தவிர புத்தி வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் உனக்கு முதுகு வலி. நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாள் நீ நன்றாகத் தூங்கி எழுந்து சிரித்த முகத்தோடு இருந்தாய், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நீதான் அனுபவித்தாய், நான் எழுத வேண்டியதில்லை. ஒரு காலையில், "அசையலப்பா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியெல்லாம் உன் அம்மா உன் வயிற்றில் கை வைத்துப் பேசிக்கொண்டே வந்தாள். நான் மட்டும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. டாக்டரம்மா உன்னிடம் வரிசையாகக் கேட்டார், கீழே விழுந்தாயா, காய்ச்சல் வந்ததா, வெளியில் ஏதாவது சாப்பிட்டாயா என்று. நீ அழுதுகொண்டே, "வெளிய எதுவுமே சாப்புடல டாக்டர். எங்க அப்பா தோட்டத்துக் காய்தான். மருந்தே அடிக்காதது" என்றாய். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கதவருகில்தான் நின்றிருந்தேன். டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன், பாப்பா.

கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, அதனால்தான், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார். படித்தவர், அவருக்குத் தெரியும். அதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் அவரிடம் முழுசாகச் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து யோசித்து அதே பதிலைச் சொல்லியிருப்பார் இல்லையா? அந்தப் பதில் எனக்கு இப்போது கிடைக்காது. உனக்கும் கிடைக்காமல் பண்ணிவிட்டேன். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். நீ பிறந்தபோது உன் மூக்கைப் பார்த்து, "பச்ச மொளகாயே பொறந்திருக்குது" என்று ஆஸ்பத்திரியையே சிரிக்கவைத்தவன் நான். அவளுக்கும் அதே மூக்கு. 

அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நீ உன் அம்மாவிடம், "நான் அன்னிக்குத் தண்ணிக் கொடத்தத் தூக்கியிருக்கக் கூடாதும்மா. சொல்லச் சொல்லக் கேக்காம தூக்கனேன். என்னாலதான்" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். உன் மாமியார் வீட்டிலும் யாரோ குடத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் நீ அந்தக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போக மாட்டேன் என்றாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னேன். அதை மட்டும் சொன்னேன். அடித்தது என் கை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நீ உன்னை வெறுக்கிறதை நிறுத்தி என்னை வெறுத்திருப்பாய். அந்த அளவுக்குக்கூட உனக்கு நான் உதவவில்லை.

நீ சேலத்துக்குப் போன மறுநாள் தோட்டத்தில் ஒரு செடி விடாமல் பிடுங்கி எரித்தேன். மிச்ச மருந்தை மண்ணில் கொட்டவும் பயம், வீட்டில் வைக்கவும் பயம். சங்கராபுரத்தில் வாங்கின கடைக்கே கொண்டுபோனேன். "மருந்து வேலை செய்யலன்னு சண்ட போட வர்றவன பாத்திருக்கேன், வேலை செஞ்சுதுன்னு திருப்பிக் குடுக்க வர்றவன இப்பதான் பாக்கறேன்" என்றார் கடைக்காரர். மூன்று தடவை தக்கைப்பூண்டு விதைத்து மடக்கினேன். அதற்குப் பிறகுதான் மறுபடி நட்டேன். இந்த இரண்டு வருஷமாக ஒரு சொட்டு மருந்து அந்த மண்ணில் விழவில்லை. இதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. நான் சொல்கிறேன், அவ்வளவுதான். என் சொல்லுக்கு இப்போது உன்னிடம் என்ன மதிப்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

கூத்தைக் கேள், இப்போது நம் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். திருக்கோவிலூரிலிருந்துகூட வந்தார்கள். ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்து, "எதனால இயற்கைக்கு மாறுனீங்க?" என்று கேட்டார்கள். "பொண்டாட்டி சமையல்லதான் ருசி இல்ல, காய்லயாவது இருக்கட்டும்னுதான்" என்றேன். பந்தலே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை மடித்து டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தேன், இன்றுவரை எடுக்கவில்லை. நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை நகல் எடுத்து, தோட்டம் பார்க்க வருகிறவர்களிடம் கொடுப்பேன். கேட்ட கேள்விக்கு நான் அவர்களுக்கும் பதில் பாக்கி வைத்திருக்கிறேன். உன் வீட்டு விஷயம் வெளியில் போக வேண்டாம் என்று நீ நினைத்தால் கொடுக்க மாட்டேன்.

நேற்றுக் காலையில் உன் அம்மா அவரைக்காய் பறித்துக்கொண்டே, "இன்னாங்க, காய் எல்லாம் முத்திப் போவுது. பொண்ணுக்கு அனுப்பாம யாருக்கு வெச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பந்தல் முடிகிறவரைக்கும் ஒவ்வொரு காயாகப் பறித்தாள். முடித்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். "நான்தான நறுக்கி ஆக்கிப் போட்டேன். இன்னொரு கரண்டி வெச்சிக்கோன்னு என் கையாலதான போட்டேன்" என்றாள்.  இன்று விடிவதற்கு முன்னாலேயே எழுப்பி, ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "எழுதுங்க. நான் எடுத்துக்கினு போறேன்." "காய்?" என்று கேட்டேன். "காயையும்தான் எடுத்துக்கினு போறேன். எத்த வாங்கிக்கறா, எத்தத் தூக்கிப் போடறான்னு அவ பாத்துக்குவா. அவளுக்குப் பதிலா நீங்களே முடிவு பண்ணிக்கினு இருந்தது போதும்." நோட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

உனக்குச் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது, கேட்க மனசிருந்தால் கேள். மொட்டை மாடியில் நீயே பத்துத் தொட்டி வை. செம்மண் ஒரு பங்கு, மட்கின சாணம் ஒரு பங்கு, கொஞ்சம் மணல், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. கீரையில் ஆரம்பி, இருபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும். வெயில் தாங்காது, மண்ணைக் காய்ந்த இலையால் மூடி வை. தொட்டியையும் தண்ணீரையும் மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்கும் தொப்பை குறையும். இலையில் ஓட்டை இருந்தால் சந்தோஷப்படு. புழு தின்னட்டும், மிச்சத்தை நீ தின்னு. யாராவது வந்து ஓட்டையைப் பார்த்துச் சிரித்தால் கூடச் சேர்ந்து நீயும் சிரி, அதற்காக எதையும் மாற்றாதே. உன் பிள்ளை வளர்ந்து வந்து உன்னிடம் ஒன்று கேட்டால், பதில் எவ்வளவு கசந்தாலும் அப்போதே சொல்லிவிடு. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாளை மட்டும் தள்ளிவைக்காதே. உன் டாக்டரிடம் போகும்போது இந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போ. போன தடவை நான் கதவருகில் நின்று சொல்லாததை இந்தத் தடவை நீ அவரிடம் சொல்லிக் கேள். அவர் சொல்கிற பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும். குடத்தின் மேல் பழி இல்லை என்பதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதினால் நீ நல்லவள், உடனே மன்னித்துவிடுவாய். அப்புறம் தனியாக அழுவாய். அதனால் கேட்கவில்லை. நீ பிரசவத்துக்கு எங்கே வேண்டுமானாலும் இரு. இங்கே வந்தால் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நான் கண்ணில் படக் கூடாது என்றால் நிலத்துக் கொட்டகையில் இருந்துகொள்வேன். வராவிட்டால் உன் அம்மா அங்கே வந்து இருப்பாள்.

ஒன்பதரை பஸ்ஸுக்கு உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இரண்டு பை வைத்திருக்கிறாள். என்னை வா என்று கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. நீ இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். பண்ணினால் முதல் மணியிலேயே எடுப்பேன். நீ எவ்வளவு நேரம் திட்டினாலும் சரி, ஒன்றுமே பேசாமல் அழுதாலும் சரி, இந்தப் பக்கம் நடுவில் ஒரு பேச்சு வராது. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்பா